அழுகை மேலாண்மை

முன்பருவக் குழந்தைப் பராமரிப்புக் கல்விப் பயிற்சி உயர்நிறுவனத்தின் வாயிலில் இரண்டு பலகைகள் தொங்கின. மேற்பலகை நிறுவனத்தின் பெயரை மூன்று வரிகளில் சுமந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றை ஆராய்வதற்கு ஒரு குழுவும் இருந்தது. கீழ்ப்பலகை பிழையற்றது. 'வளாகத்தினுள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை' என்று அது தெளிவாகவே கூறிற்று.

தையற்காரி கீழ்ப்பலகையை மறுபடியும் படித்தாள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்ற ஐயத்துடன் வாயிற்காவலரை அணுகினாள்.

"அண்ணே, சின்னப் பிள்ளைங்களப் பாத்துக்கிற படிப்பு இங்கதானே சொல்லித் தர்றாங்க?"

"இங்கதாம்மா."

"பிள்ளைங்க எங்க?"

"பிள்ளைங்களுக்கு இங்க என்ன வேலை? இது படிக்கிற இடம்" என்றார் காவலர். அந்த வளாகத்தில் உண்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப்பட்டை தைப்பவள். வேலைக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளுக்கென ஓர் அறை திறக்கவேண்டும் என்று தொழிற்சாலைக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்திருந்தது. அறைக்குச் சுண்ணாம்பு பூசியாயிற்று, பாயும் வாங்கியாயிற்று. பார்த்துக்கொள்வதற்குச் சான்றிதழ் பெற்ற ஒருவர்தாம் வேண்டும்.

"நீ போய்ப் படிச்சிட்டு வா, ரூம் உனக்குத்தான்" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். "திறக்கறதுக்குள்ள பாஸ் பண்ணலேன்னா வெளியாளப் போட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது, ஆமா."

அவளுடைய மகளுக்கு மூன்றரை வயது. தெருவில் எல்லோரும் அவளை வாண்டு என்றே அழைத்தனர். காரணம் கேட்டவர் எவருமில்லை. தந்தை நெடுந்தூரம் லாரி ஓட்டுபவர்; வீட்டில் தங்கும் நாள்களைவிடச் சாலையில் தங்கும் நாள்களே மிகுதி. ஆகவே பகல் முழுவதும் வாண்டு எதிர்வீட்டு அக்காவின் பொறுப்பில் இருந்தாள். அக்கா அட்டைப்பெட்டி ஒட்டிப் பிழைப்பவள், கெட்டவள் அல்லள், ஆயினும் அவளுக்கு இரண்டு கைகளே இருந்தன, இரண்டிலும் பசை இருந்தது. காலையில் தாய் கிளம்பும்போது சன்னற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாண்டு, மாலையில் அவள் திரும்பும்போதும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த அறை தனக்குக் கிடைத்தால் மகளும் தானும் பகலில் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். தையற்காரி வேண்டியது இவ்வளவே. இதற்காகத்தான் சம்பளமில்லா விடுப்பெடுத்துக்கொண்டு அந்த வாயிலுக்குள் நுழைந்தாள்.

தொடக்கவிழாவில் நிறுவனத்தின் முதல்வர் அம்மையார் உரையாற்றினார்.

"இந்நிறுவனம் தோன்றிய நாள்தொட்டு இன்றுவரை இவ்வளாகத்தில் ஒரு குழந்தைகூட விழுந்ததில்லை. ஒரு குழந்தைகூடப் பசித்து அழுததில்லை. ஒரு குழந்தைகூடக் காணாமற்போனதில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு நடத்தப்படும் எந்தப் பள்ளியேனும் இவ்வாறு மார்தட்டிக்கொள்ள முடியுமா?"

முடியாது என்பதைக் கைதட்டலின்மூலம் அவையினர் ஒப்புக்கொண்டனர். பிறகு அம்மையார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டு மனிதரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"ஒரு காலத்துல இங்கயும் குழந்தைங்க இருந்துச்சுங்க. மறைக்க விரும்பல. பக்கத்துக் கட்டடத்துல மாதிரி வகுப்பு நடத்தினோம். மேலிடத்துலேருந்து ஆய்வுக்குழு வந்தப்ப, தலைவரோட ஷூவுக்குள்ள ஒண்ணு களிமண்ண ரொப்பிடுச்சு. அவர் கால விட்டுட்டாரு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். ஒண்ணு இங்க தரம் இருக்கணும், இல்லேன்னா குழந்தைங்க இருக்கணும். நாங்க தரத்தத் தேர்ந்தெடுத்தோம்."

முதற்பருவம் பொம்மைகளுக்கு உரியது. அவை கண்ணாடி அலமாரியிலிருந்து நாள்தோறும் எண்ணி எடுக்கப்பட்டு, எண்ணி வைக்கப்பட்டன. வாங்கிய நாளில் சுற்றியிருந்த நெகிழி உறைகள் பிரிக்கப்படவில்லை. பிரித்தால் அவை புதியவை என்னும் தகுதியை இழந்துவிடுமாம். ஆதலால் உறையோடேயே அவற்றைக் குளிப்பாட்டினர், உறையோடேயே தலைசீவினர், உறையோடேயே பாலூட்டினர். துணி மாற்றும் பாடத்தில் மட்டும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. நனையாத துணியை ஏன் மாற்றவேண்டும் என்பதற்குக் காரணம் வேண்டுமல்லவா? நீர் ஊற்றினால் பொம்மை கெட்டுவிடும். விரிவுரையாளர் இதற்கொரு தீர்வு கண்டிருந்தார். அவர் மேசையைத் தட்டி "ஈரம்!" என்பார். உடனே எல்லோரும் உலர்ந்த துணியை அவிழ்த்துவிட்டு உலர்ந்த துணியைக் கட்டுவர்.

"அக்கா, காஞ்சத எடுத்துட்டுக் காஞ்சதப் போடறோம், கவனிச்சியா?" என்று பக்கத்து இடத்தில் இருந்த, கண்ணாடி அணிந்த மாணவி கிசுகிசுத்தாள்.

"தைச்சதப் பிரிச்சுத் தைச்சாக்கூட எங்க சூப்பர்வைசர் காரணம் கேப்பாரு" என்றாள் தையற்காரி.

"அங்க என்ன பேச்சு?" என்று அதட்டினார் விரிவுரையாளர். "குழந்தை முழிச்சுக்கப் போகுது!"

தாலாட்டுப் பாடமும் அந்தப் பருவத்திலேயே முடிந்தது. தாலாட்டின் நோக்கங்கள் ஆறு என்று கற்பிக்கப்பட்டன. பாடத் தெரியுமா என்று எவரையும் எவரும் கேட்கவில்லை.

இரண்டாம் பருவத்தில் 'குழந்தை முறை' தொடங்கியது. குழந்தைகள் இல்லாத குறையை நீக்குவதற்காக, மாணவியர் முறைவைத்துக்கொண்டு தாமே குழந்தைகளாக இருக்கவேண்டும். கழுத்தில் வயது எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டால் அன்று முழுவதும் அவர் குழந்தை. அட்டையைக் கழற்றினால் மறுபடியும் மனிதர். குழந்தையாக இருப்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதில் தவறியவர் இறுதித்தேர்வு எழுத இயலாது.

தையற்காரிக்கு 'மூன்றரை வயது' அட்டை வாய்த்தது. இதில் தனக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டு பாயில் அமர்ந்தாள். விரிவுரையாளர் ஒரு படத்தை உயர்த்திக் காட்டினார்.

"கண்ணா, இது என்ன சொல்லு பாப்போம்?"

தையற்காரி படத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "உனக்கு ஏன் மூக்குக்குள்ள முடி இருக்கு?" என்று கேட்டாள். பிறகு எழுந்துபோய் மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். எவ்வளவு அழைத்தும் வெளியே வரவில்லை.

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை.

"வெளிய வாங்க. என்ன இது? மூணரை வயசுக் குழந்தை இப்படி நடந்துக்காது. புத்தகத்துல அந்தப் பக்கத்தப் பாத்தீங்களா, இல்லையா?"

"எங்க வீட்ல இருக்கறது மூணரைதாங்க. இதுகூடப் பரவாயில்ல, நேத்து…"

"அதுக்குப் பேரு தனிப்பட்ட அனுபவம். தனிப்பட்ட அனுபவத்துக்கு இங்க மதிப்பெண் கிடையாது."

மதிப்பெண் இல்லையென்றால் தேர்வில்லை, தேர்வில்லையென்றால் அறையில்லை. எனவே தையற்காரி புத்தகத்தில் மட்டுமே இருக்கும் நூற்குழந்தையைக் கற்றுக்கொண்டாள். நூற்குழந்தை கையுயர்த்திவிட்டே பேசும். முழு வாக்கியத்தில் விடையளிக்கும். காட்டிய படத்தையே பார்க்கும். அவள் வெகுவிரைவில் அதில் தேர்ச்சியடைந்தாள். 'இப்போது இயல்பாக இருக்கிறது' என்று விரிவுரையாளர் பாராட்டினார்.

மூன்றாம் பருவத்தின் பாடமே நிறுவனத்தின் பெருமை. அதற்கு 'அழுகை மேலாண்மை' என்று பெயர். குழந்தையின் அழுகை நால்வகைப்படும்: பசியழுகை, வலியழுகை, பிரிவழுகை, வீணழுகை. முதல் மூன்றில் அடங்காதது நான்காவது. எது என்று ஐயம் ஏற்பட்டாலும் நான்காவதே. அழும் குழந்தையைத் தூக்கக் கூடாது. ஒரு கை தொலைவில், கண்மட்டத்தில் அமர்ந்துகொண்டு, 'நீ அழுகிறாய். நீ அழுவதை நான் கவனிக்கிறேன். நீ முடித்ததும் நாம் பேசுவோம்' என்று மூன்று வாக்கியங்கள் கூறிவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

"தூக்கினா என்னங்க ஆகும்?" என்று தையற்காரி கேட்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் விரிவுரையாளர். "தூக்கினா குழந்தை அழுகைய நிறுத்திடும். நிறுத்திட்டா, அது எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டனர்.

இம்முறையை வீட்டில் பழகிப் பார்க்கவேண்டும் என்பது கட்டளை. அன்று மாலை வாண்டு கட்டிலிலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். தையற்காரி ஓடிவந்தாள், வந்த வேகத்தை அடக்கிக்கொண்டு ஒரு கை தொலைவில் அமர்ந்தாள். மூன்று வாக்கியங்களையும் கூறினாள். வாண்டு வியப்பால் அழுகையை நிறுத்தி, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ போ. எங்கம்மாவ வரச் சொல்லு."

"நான்தான்டி அம்மா."

"இல்ல. நீ வேற மாதிரி பேசற. எங்கம்மாவ வரச் சொல்லு!"

தையற்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரி எடுத்து முழங்காலை ஊதிவிட்டாள். தவறு செய்துவிட்டோம் என்ற உறுத்தலும் இருந்தது. அடுத்த முறை அவ்வளவு விரைவாக எடுக்கவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் சற்றுத் தாமதித்தாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு வழியின்றித் தையற்காரி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாயிலுக்கு வந்தாள்.

"ஏம்மா, என் வேலைக்கு வேட்டு வெக்கலாம்னு முடிவே பண்ணிட்டியா?" என்றார் காவலர்.

"மத்தியானம் வரைக்கும் உங்க கூண்டுக்குள்ள உக்காந்திருக்கட்டும்ணே. சத்தமே போட மாட்டா."

"எது சத்தம் போடாது? குழந்தையா? இத்தன நாளா இதத்தான் படிச்சியா?"

ஆயினும் அவர் வாண்டுவைக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டார். வாண்டு சத்தம் போடவில்லை. சத்தமின்றி இறங்கி, சத்தமின்றி முற்றத்தைக் கடந்து, பெரிய கூடத்துக்குள் நுழைந்தாள்.

கூடத்தில் முதல்வர் அம்மையார் தலைமையில் செய்முறை விளக்கம் நடந்துகொண்டிருந்தது. துணைமுதல்வர் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் கனத்த உடலும் தடித்த மீசையும் உடையவர். கழுத்தில் 'ஒன்றரை வயது' அட்டை. தேர்வுகளில் குழந்தையாக இருக்கும் உரிமை பல்லாண்டுகளாக அவருக்கே உரியது.

உண்மையான குழந்தை ஒன்று கூடத்தின் நடுவே நிற்பதை முதலில் கண்டவர் விரிவுரையாளர். அவர் நாற்காலியின்மேல் ஏறிவிட்டார்.

"கதவ மூடுங்க!" என்று ஒரு குரல்.

"மூடினா உள்ளயே இருந்துடுமே!" என்று மற்றொரு குரல்.

வாண்டு எவரையும் பொருட்படுத்தாமல் பாயருகே சென்று குனிந்தாள்.

"மாமா, நீ ஏன் பாப்பா மாதிரி படுத்திருக்க? உனக்குத்தான் மீசை இருக்கே?"

துணைமுதல்வர் கடமை தவறாதவர். அட்டை கழுத்தில் இருக்கும்வரை விதியை மீற அவரால் இயலாது. "ங்கா" என்றார்.

"இது யாரோட தயாரிப்பு?" என்று முதல்வர் அம்மையார் இரைந்தார். தையற்காரி ஓடிவந்து மகளைப் பற்றிக்கொண்டாள்.

"என் பொண்ணுங்கம்மா. மன்னிச்சுக்குங்க. பாத்துக்க ஆளில்ல."

"பாத்துக்க ஆளில்லன்னா குழந்தையக் கொண்டுவர்ற எடமா இது?" என்றவர், அறிவியல் ஆர்வம் மேலிட, எட்ட நின்றபடியே ஒரு படத்தை நீட்டினார். "சரி, வந்தது வந்துடுச்சு. கண்ணு, இது என்ன?"

"படம்" என்றாள் வாண்டு.

"தப்பு. இது ஆப்பிள்."

"ஆப்பிள்னா குடு. தின்னுட்டு மிச்சம் தர்றேன்."

அம்மையார் படத்தை மடக்கினார். அவர் முகத்தில் சினம் இல்லை. ஆழ்ந்த வருத்தமே இருந்தது.

"பாடத்திட்டத்தோட எந்த எடத்துலயும் ஒத்துப்போகல. இப்படிப்பட்ட குழந்தைங்களப் பாத்தா எங்க மாணவிங்க குழம்பிப் போயிடுவாங்க. இன்னொரு தடவ இது வளாகத்துக்குள்ள கால வெச்சா உங்களுக்குத் தேர்வு கிடையாது. புரியுதா?"

புரிந்தது.

இறுதித்தேர்வு ஒரு வெள்ளிக்கிழமையில் நடந்தது. அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலை அறையைத் திறப்பதாக முடிவாகியிருந்தது. மேற்பார்வையாளர் வெளியாள் ஒருத்தியைப் பேசியும் வைத்திருந்தார். அன்று பார்த்து எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு மூச்சுத்திணறல். அவரை அழைத்துக்கொண்டு அவள் மருத்துவமனைக்கு ஓடினாள்.

இம்முறை காவலர் மறுக்கவில்லை. மதிற்சுவருக்கு வெளியே, சாலையோரத்தில் அவருடைய பெஞ்சு கிடந்தது.

"இங்க உக்கார வெச்சுட்டுப் போம்மா. இது ரோடு. ரோட்டுல குழந்தை இருக்கக் கூடாதுன்னு இன்னும் போர்டு மாட்டல. நான் கண்ண எடுக்காமப் பாத்துக்கறேன்."

"அம்மா உள்ள போயிட்டு ஓடி வந்துடறேன், என்ன?" என்றாள் தையற்காரி.

"ஓடியே வா" என்றாள் வாண்டு.

கூடத்தில் வெளித்தேர்வாளர் அமர்ந்திருந்தார். அருகில் முதல்வர் அம்மையார். பாயில் துணைமுதல்வர். மணி அடித்ததும் அவர் அழத் தொடங்கினார். வெளித்தேர்வாளர் முன்னிலையில் அவர் சிக்கனம் பார்ப்பவர் அல்லர். குரல் கூடத்தை நிறைத்து, சன்னல்வழியே சாலைவரை சென்றது. தையற்காரி ஒரு கை தொலைவில், கண்மட்டத்தில் அமர்ந்தாள். அவருடைய கண்மட்டம் தரையோடு இருந்தமையால் ஏறக்குறையப் படுக்கவே வேண்டியதாயிற்று.

அப்போதுதான் வெளியிலிருந்து மற்றோர் அழுகை கேட்டது.

அது நால்வகையுள் எதைச் சேர்ந்தது என்று தையற்காரி ஆராயவில்லை. அது தன் மகளுடையது. கையை ஊன்றி எழப் போனாள்.

"எங்க போறீங்க?" என்றார் வெளித்தேர்வாளர். "குழந்தை இங்க இருக்கு."

"வெளிய என் பொண்ணு அழறாங்க. என்னவோ ஆயிடுச்சு. ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்."

"வெளிய இருக்கறது பாடத்திட்டத்துல இல்லம்மா. நீங்க எழுந்தா 'அழுகிற குழந்தையைக் கைவிட்டுச் சென்றார்'னுதான் நான் எழுதணும். எழுதவா?"

"அந்த சன்னல மூடுங்க" என்றார் முதல்வர் அம்மையார் ஊழியரிடம். "குழந்தைக்குக் கவனம் சிதறுது பாருங்க." அவர் துணைமுதல்வரைக் குறிப்பிட்டார்.

சன்னல் மூடப்பட்டது. அழுகை மெலிந்ததேயன்றி நிற்கவில்லை. "அம்மா" என்னும் சொல் கண்ணாடியைத் தாண்டியும் வந்தது. எழுந்தால் இன்னோர் ஆண்டு. அறையில் யாரோ ஒருத்தி. மகள் மறுபடியும் சன்னற்கம்பியில். எழாவிட்டால் திங்கட்கிழமைமுதல் நாளெல்லாம் அவளுடனே இருக்கலாம். நாளெல்லாம் இருப்பதற்காக இப்போது சற்று நேரம் போகாமல் இருக்கவேண்டும். தையற்காரி இந்தக் கணக்கைப் போட்டாள். போட்டுவிட்டு, பாயின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அழுகிறாய்" என்றாள். அவள் கண்கள் சன்னலின்மேல் இருந்தன. "நீ அழுவதை நான் கவனிக்கிறேன்." குரல் உடைந்தது. "நீ முடித்ததும்… நாம் பேசுவோம்."

'ஆழ்ந்த ஈடுபாடு' என்று வெளித்தேர்வாளர் எழுதினார்.

துணைமுதல்வர் தம் நேரம் முழுவதும் அழுதார். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் பண்ணீங்கம்மா. எனக்கே மனசு லேசாயிடுச்சு" என்றார். வெளியிலும் அழுகை நின்றிருந்தது. எது முதலில் நின்றது என்பதை எவரும் கவனிக்கவில்லை. முதல் வகுப்பில் தேறினாள் என்று அங்கேயே அறிவித்து, சான்றிதழில் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். அதை வாங்கிக்கொண்டு தையற்காரி முற்றத்தில் ஓடினாள்.

வாண்டு பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். தாடையில் தோல் உரிந்திருந்தது. காவலர் ஈரக் கைக்குட்டையுடன் எதிரே குந்தியிருந்தார்.

"உள்ள அழற சத்தம் கேட்டுச்சும்மா. யாருன்னு பாக்கணும்னு பெஞ்சு மேல ஏறிச்சு. நான் பிடிக்கறதுக்குள்ள விழுந்துடுச்சு" என்றார். "தூக்கப் போனேன், தள்ளி விட்டுடுச்சு. கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு உன்னயே கூப்பிட்டுச்சு. அப்புறம் அதயும் விட்டுடுச்சு."

தையற்காரி மண்டியிட்டாள். வாண்டு அவளிடம் தாவவில்லை.

"உள்ள ஒரு பாப்பா அழுதுச்சே. அதத் தூக்கினியா?"

"இல்லடி கண்ணு."

"ஏன்?"

"தூக்கக் கூடாதாம்."

வாண்டு சிறிது யோசித்தாள்.

"அது நிறுத்திடுச்சா?"

"நிறுத்திடுச்சு."

"நானும் நிறுத்திட்டேன்" என்றாள் வாண்டு.

வெளித்தேர்வாளரை வழியனுப்ப வந்த முதல்வர் அம்மையார் இதைக் கேட்டுவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா சார்? யாரும் தூக்கல, யாரும் தொடல, தானா நிறுத்தியிருக்கு! அன்னிக்கு இதே குழந்தை எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆப்பிளக் குடுன்னு மல்லுக்கு நின்னுச்சு. இன்னிக்குப் பாருங்க, எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கு. இதத்தான் நாங்க விளைவுன்னு சொல்றோம். எல்லாக் குழந்தைங்களையும் இந்த நிலைக்குக் கொண்டுவர முடியும் சார். அதுக்கு அதுங்க இங்க வரணும்னுகூட அவசியமில்ல."

"அருமை" என்றார் வெளித்தேர்வாளர்.

தையற்காரி சான்றிதழைக் காவலரிடம் நீட்டினாள். மகளைத் தூக்குவதற்கு அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சாலையில் நடந்தாள். வாண்டு கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. தோளில் தலை சாய்க்கவும் இல்லை. எவரோ சொல்லிவைத்ததுபோல நிமிர்ந்து, முன்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! சான்றிதழ விட்டுட்டுப் போறியே!" என்று காவலர் பின்னாலிருந்து கூவினார்.

அவள் நிற்கவில்லை. தெருமுனைவரை போனாள். அங்கே நின்றாள், திங்கட்கிழமையை நினைத்தாள், திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டாள்.